முதற்கருத்துகளின் வகைப்பாடு: வடிவியல் வரலாற்றில் ஒரு நோக்கு

அகராதியில் ஒரு சொல்லின் பொருள் பிற சொற்களால் கூறப்படுகிறது. அச்சொற்களையும் விளக்கப் புகுந்தால் விளக்கம் முடிவின்றி நீளும். அன்றேல் தொடங்கிய சொல்லுக்கே மீளும். இவ்விரண்டையும் தவிர்க்கக் கணிதம் சில கருத்துகளை வரையறுக்காமலே ஏற்று, ஏனையவற்றை அவற்றால் வரையறுக்கிறது. முதற்கருத்துகள் எனப்படும் அவற்றுள் எவை இன்றியமையாதவை என்பது தெளிவுபட்ட வரலாற்றை இக்கட்டுரை வடிவியல் வழி ஆராய்கிறது.

யூக்ளிட் தம் ‘மூலங்கள்’ நூலின் முதற்பகுதியை 23 வரையறைகளுடன் தொடங்கினார். பகுதியற்றது புள்ளி என்பது அவற்றுள் முதலாவது. ஆயின் நிறுவல்களில் அவ்வரையறைக்குப் பணியேதும் இல்லை. 1882இல் மோரிட்ஸ் பாஷ், வடிவியல் நிறுவல்கள் சொற்பொருளையோ வரைபடத்தையோ சாராது நிற்றல் வேண்டும் என்றார்.

1899இல் டேவிட் ஹில்பர்ட் முதற்கருத்துகளை இருவகைப்படுத்தினார். புள்ளி, கோடு, தளம் ஆகியன பொருள்கள். ஒன்றன்மேல் ஒன்று அமைதல், இடைப்படுதல், சர்வசமமாதல் ஆகியன உறவுகள். இவற்றின் பொருளை மெய்கோள்களே வரையறுக்கும் என்பது அவர் கொள்கை. வரையறையின் பணியை மெய்கோள் செய்யலாகாது எனக் காட்லோப் ஃபிரேகே கடிதங்களில் மறுத்தார்.

இவ்வுறவுகளுள் ஒன்றை மற்றொன்றால் வரையறுக்க இயலுமா? இதற்கான சோதனைமுறையை 1900இல் பாரிசில் அலெஸ்ஸாண்ட்ரோ படோவா முன்வைத்தார். ஏனைய கருத்துகளின் பொருளை மாற்றாமல், ஒன்றன் பொருளை மட்டும் மாற்றியும் மெய்கோள்கள் யாவும் நிலைபெறுமாயின், அவ்வொன்றைப் பிறவற்றால் வரையறுக்க இயலாது.

சான்றாக, ஒரு தளத்தை ஒரு திசையில் மட்டும் சீராக நீட்டுவதாகக் கொள்வோம். கோடுகள் கோடுகளாகவே நிற்கும்; இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட புள்ளி இடையிலேயே இருக்கும். நீட்டியபின் சமமாகும் துண்டுகளையே ‘சமம்’ என்று கொண்டாலும் மெய்கோள்கள் பிழைபடா. மாறியது சமம் என்பதன் பொருள் மட்டுமே. ஆகவே இடைப்படுதலைக் கொண்டு சர்வசமத்தை வரையறுக்க இயலாது.

மறுதலையோ இயலும். ஒரு புள்ளியிலிருந்து இரு புள்ளிகள் சமதொலைவில் இருத்தல் என்னும் ஓர் உறவே போதும், இடைப்படுதலையும் அதனால் வரையறுக்கலாம் என 1908இல் மாரியோ பியெரி காட்டினார். ஹில்பர்ட்டின் பட்டியலில் நிகராக நின்ற இரண்டனுள் ஒன்று மற்றதனுள் அடங்குவது இதனால் புலனாயிற்று.

எனினும் ஹில்பர்ட்டின் பகுப்பு பயனற்றதன்று. இடைப்படுதலைத் தனியே வைப்பதால் வரிசைப் பண்புகளைச் சமத்தின் துணையின்றி ஆராய முடிகிறது. ஒரு கருத்தை முதற்கருத்தாகக் கொள்வது ஆசிரியரின் தேர்வு. அதனைத் தவிர்க்க இயலுமா என்பதோ அவர் விருப்பத்திற்கு உட்படாது, நிறுவலால் மட்டுமே முடிவாகும். இவ்விரண்டையும் பிரித்தறிந்ததே அக்காலத்து ஆய்வின் பேறு எனலாம்.