மறைப்புக்குப் பின்னால் உருளும் பகடை

ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டுகளில், நடுவர் தாம் உருட்டிய பகடையின் எண்ணைப் பிறர் அறியாமல் மாற்றிச் சொல்வது 'ஃபட்ஜிங்' எனப்படுகிறது. இதன் வேர் பிரஷ்யப் படைத்துறையில் உள்ளது. 1824-இல் லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர்ப்பயிற்சி ஆட்டத்தில் பகடையும் அட்டவணையும் சேர்ந்து சேதத்தைக் கணக்கிட்டன. விதிகள் பெருகி ஆட்டம் மந்தமானதால், 1876-இல் வெர்டி து வெர்னுவா அவற்றை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள அதிகாரியின் தீர்ப்பே போதும் என்றார். பகடை பெரிதா, நடுவர் பெரிதா என்ற வழக்கு அப்போதே எழுந்துவிட்டது.

அந்த வழக்கின் மிகக் கசப்பான அத்தியாயம் 1942 மே மாதம் 'யமாட்டோ' போர்க்கப்பலில் நடந்தது. தான் திட்டமிட்டிருந்த மிட்வே தீவுத் தாக்குதலை ஜப்பானியக் கடற்படை ஆடிப் பார்த்தபோது, நடுவர் ஒகுமியா பகடை உருட்டி, எதிரியின் ஒன்பது குண்டுகள் இலக்கில் விழுந்ததாகவும் அகாகி, காகா என்ற விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கியதாகவும் அறிவித்தார். ஒத்திகையை நடத்திய உயரதிகாரி உகாக்கி ஒன்பதை மூன்றாகக் குறைத்தார், அகாகி தப்பியது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் வந்து நின்றது. ஒகுமியாவே பின்னாளில் கடற்படை அதிகாரி ஃபுச்சிதாவுடன் சேர்ந்து எழுதிய நூல் தரும் செய்தி இது. ஜூன் மாதப் போரில் இரு கப்பல்களும் அழிந்தன. உகாக்கி எதையும் ஒளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய பதவியே போதுமானதாக இருந்தது.

ஒளித்துச் செய்யும் வழக்கம் பொழுதுபோக்கு ஆட்டங்களோடு வந்தது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் எதிரிகளை இயக்குபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரே. அவர் சிலவற்றை மறைத்து உருட்ட நியாயமான காரணம் உண்டு: பொறியைத் தேடிய ஆட்டக்காரர் தமக்குப் பாதகமான எண் விழுந்ததைப் பார்த்துவிட்டால், கண்ணில் படாத பொறி இருக்கலாம் என்று உஷாராகிவிடுவார். இதற்கென அட்டை மறைப்புகளும் விற்பனைக்கு வந்தன. திருத்தத்துக்கு அந்த மறைப்பு வசதியாகிப்போனது.

1979-இல் வந்த நடுவர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்கு வெளிப்படையாகவே அனுமதி தந்தார். நன்றாக ஆடியவர் கெட்ட எண்ணால் சாக நேர்ந்தால், உயிருக்குப் பதில் ஒரு கையோ கண்ணோ போனதாகத் தீர்ப்பளிக்கலாம். ஆனால் இறந்தவரை உயிர்ப்பிக்கும் உருட்டலில் மட்டும் கைவைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சாவின் விளிம்பில் இளகியவர் சாவுக்குப் பின் கறாரானது வேடிக்கைதான்.

பின்வந்தவர்கள் சிக்கலை வேரிலேயே வெட்டப் பார்த்தார்கள். 1991-இன் 'ஆம்பர்' பகடையையே நீக்கியது. 2010-இன் 'அப்போகலிப்ஸ் வேர்ல்ட்' அதை ஆட்டக்காரர்களிடம் மட்டும் கொடுத்தது. உருட்டாத நடுவருக்குத் திருத்த எண்ணும் இல்லை. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டமோ பழைய வழியை விடவில்லை. அதன் 2014 கையேடு, அடுத்தடுத்து விழும் இரண்டு பேரடிகளில் இரண்டாவதைச் சாதாரண அடியாகக் குறைக்கலாம் என்கிறது. அடிக்கடி செய்ய வேண்டாம், செய்வதை வெளிக்காட்டவும் வேண்டாம் என்கிறது.