கை பழகாதவர்களின் எந்திரம்

எதிர்காலத்தில் நாம் என்ன உடுத்தப் போகிறோம் என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது வந்துவிடுகிறது. நாடித்துடிப்பைக் கணக்கெடுக்கும் சட்டை, தையலே இல்லாமல் ஒரே எந்திரத்தில் பின்னி இறங்கும் ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டிலை உருக்கி இழுத்த நூல் என்று எதையாவது அலுவலக நண்பர்கள் எனக்குத் தவறாமல் அனுப்பிவைப்பார்கள். ராஜபாளையத்துக்காரன், மில் சங்கு கேட்டு எழுந்து பள்ளிக்கூடம் போனவன், ஆகவே துணி விஷயம் எல்லாம் எனக்கு அத்துப்படி என்பது அவர்கள் நினைப்பு. நான் கணக்குத் தணிக்கை பார்ப்பவன். ஆனாலும் நாக்பூருக்கு வந்து பதினோரு வருஷமான பிறகு, இந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பொதுவான ஓர் எந்திரத்தின் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த எந்திரத்தின் பெயர் ரிங் பிரேம். நீங்கள் இப்போது போட்டிருப்பது பருத்திச் சட்டை என்றால், அதன் நூல் அநேகமாக ரிங் பிரேமில் முறுக்கேறியதுதான்.

இதற்கு முன்னால் இங்கிலாந்தில் கோலோச்சியது மியூல். சாமுவேல் கிராம்ப்டன் 1779-ல் உருவாக்கியது. நூற்றுக்கணக்கான கதிர்களைச் சுமந்த ஒரு நீள வண்டி தண்டவாளத்தில் ஐந்தடி பின்னால் போகும். போகும்போது பஞ்சிழையை இழுத்து முறுக்கும். திரும்பி வரும்போது முறுக்கிய நூலைக் கதிரில் சுற்றும். மறுபடி பின்னால் போகும். இழுப்பது ஒரு வேலை, சுற்றுவது இன்னொரு வேலை. பிற்பாடு தானியங்கி மியூல் வந்த பிறகும், வண்டியின் போக்கையும் நூலின் இறுக்கத்தையும் அனுசரித்து ஓட்டப் பல வருஷம் பழகிய ஆள் வேண்டும். லங்காஷயர் மில்களில் அப்படிப்பட்டவருக்கு 'ஸ்பின்னர்' என்று பெயர். கைக்கு உதவியாக இரண்டு பையன்கள். நல்ல கூலி, வலுவான சங்கம், தெருவில் மரியாதை.

ரிங் பிரேம் இந்த இரண்டு வேலையையும் ஒன்றாக்கியது. கதிரைச் சுற்றி ஓர் எஃகு வளையம். வளையத்தின் விளிம்பைக் கவ்விக்கொண்டு நகக்கீற்று அளவில் ஒரு கம்பித்துண்டு, அதற்கு டிராவலர் என்று பெயர். நூல் அதன் வழியாகக் கதிருக்குப் போகிறது. கதிர் சுழலும்போது நூல் டிராவலரையும் வளையத்தில் இழுத்துக்கொண்டு ஓடும். டிராவலர் ஒரு சுற்று சுற்றினால் நூலில் ஒரு முறுக்கு. ஆனால் அது கதிரைவிடச் சற்றே பின்தங்கி ஓடுவதால், அந்த வித்தியாசத்தில் நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். நிறுத்தம் கிடையாது. வளையத்துக்கு அமெரிக்காவில் ஜான் தோர்ப் 1828-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே டிராவலரும் வந்து சேர்ந்தது.

இதை ஓட்ட வருஷக்கணக்கில் பழக வேண்டியதில்லை. அறுந்த நூலை ஒட்டவும், நிறைந்த கதிரைக் கழற்றிக் காலியானதை மாட்டவும் தெரிந்தால் போதும். சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். என் கதை முழுக்க இந்த ஒரு குணத்தைப் பற்றியதுதான்.

சரி, நாக்பூருக்கு வருவோம்.

ஜாம்ஷெட்ஜி டாட்டா இங்கே எம்பிரஸ் மில்லைத் திறந்தது 1877 ஜனவரி 1. விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அதே நாள், பெயரும் அதனால்தான். அப்போது அவருக்கு வயது 37. மில் என்றால் பம்பாய் என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில் அவர் இவ்வளவு உள்ளே வந்ததற்குக் காரணங்கள் இருந்தன. பக்கத்தில் ஹிங்கன்காட் பருத்தி. 1867-லேயே பம்பாயிலிருந்து ரயில் வந்துவிட்டது. நிலம் மலிவு. ஒன்றுதான் இல்லை: மில் வேலை தெரிந்த ஆள். மேனேஜராக அவர் அமர்த்திய பெசன்ஜி தாதாபாய் மேத்தாவே ரயில்வேயிலிருந்து வந்தவர்தான்.

1880-களின் தொடக்கத்தில் இந்த மில்லில் ரிங் பிரேமைச் சோதித்துப் பார்த்தார்கள். மான்செஸ்டர் பக்கத்து எந்திரக் கம்பெனிகளிலேயே அப்போது எல்லோருக்கும் இதில் ஆர்வம் இல்லை. நாக்பூரில் பிடித்துப்போயிற்று. மியூலை விட்டுவிட்டு ரிங்குக்கு மாறினார்கள்.

லங்காஷயர் மாறவில்லை. 1913-ல்கூட பிரிட்டனின் கதிர்களில் ஐந்தில் நான்கு பங்கு மியூல்தான். அதே வருஷம் ஜப்பானில் கிட்டத்தட்ட எல்லாமே ரிங். இதை வைத்து லங்காஷயர் முதலாளிகளை மண்டூகங்கள் என்று திட்டியவர்கள் உண்டு. அது முழு நியாயம் அல்ல. மிக நயமான நூலுக்கு அன்றைய ரிங் லாயக்கில்லை, லங்காஷயரின் லாபம் நயமான நூலில்தான் இருந்தது. அங்கே நூற்பது ஒரு ஊர், நெய்வது இன்னொரு ஊர். ரிங்கின் கனமான மரக் கட்டைகளை அனுப்பித் திரும்ப வாங்குவது வீண் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, மியூல் ஓட்டத் தெரிந்த ஒரு தலைமுறையே அங்கே கூலிக்குக் காத்திருந்தது. கைவசம் இருக்கும் திறமையைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? நாக்பூரில் தூக்கி எறிய ஒன்றுமே இல்லை.

புதிய தொழில்நுட்பம் அறிவாளிகள் இருக்கும் இடத்தில்தான் வேர்பிடிக்கும் என்று நாம் சாதாரணமாக நம்புகிறோம். இந்த எந்திரம் ஒன்றும் தெரியாதவர்கள் இருந்த இடத்தில் வேர்பிடித்தது.

வந்தவர்கள் யார்? விதர்ப்பாவில் மகார் சாதிக் குடும்பங்களில் பல, முரட்டுத் துணி நெய்து பிழைத்தவை. மில் நூலும் மில் துணியும் வந்து அந்தச் சந்தை சரிந்தபோது, அவர்களில் நிறையப் பேர் நாக்பூர் மில்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பம்பாய் மில்களிலும் தலித் தொழிலாளர்கள் ரிங் பிரேம் பக்கம்தான் குவிந்திருந்தார்கள். தறிப் பக்கம் கூலி கூடுதல். ஆனால் அங்கே அவர்களை விடவில்லை. ஏன் தெரியுமா? நாடாவில் தார் தீர்ந்து புதுத் தார் போடும்போது, நூல் முனையை நாடாவின் கண் வழியாக வெளியே கொண்டுவர நெசவாளி வாயை வைத்து உறிஞ்சுவார். ஒருவர் உறிஞ்சிய நாடாவை இன்னொருவர் உறிஞ்ச வேண்டிவரும். எச்சில் தீட்டு என்று மற்ற சாதியார் மறுத்துவிட்டார்கள். மரத்தில் செய்த ஒரு சின்னச் சாமான், அதில் ஒரு துளை, அதற்குள் இவ்வளவு பெரிய சுவர்!

எங்கள் அலுவலகத்தில் தேநீர் பார்த்துக்கொள்ளும் காகாவின் தாத்தா இந்த ஊர் மில் ஒன்றில் ரிங் பக்கம் இருந்தவர். "தறிக்கூடத்தில் என்ன சத்தம் வரும் என்று தாத்தாவுக்குத் தெரியும் சார், உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியாது" என்று ஒருநாள் மராத்தியில் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு டீ கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அன்று வேலை ஓடவில்லை.

1928-ல் பம்பாயில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் மில் தொழிலாளர்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். 'சீரமைப்பு' என்ற பெயரில், ரிங் பிரேமில் ஒரு பக்கம் பார்த்தவர் இனி இரண்டு பக்கம் பார்க்க வேண்டும், இரண்டு தறி பார்த்தவர் மூன்று பார்க்க வேண்டும் என்றது நிர்வாகம். பழகாத கையும் ஓட்டலாம் என்ற எந்திரத்தில், ஒரே கை இன்னும் கொஞ்சம் ஓட்டலாமே என்ற யோசனை வரத் தாமதமாகவில்லை. அந்தச் சமயத்தில்தான் டாக்டர் அம்பேத்கர், தறிக்கூடத்தில் தலித்துகளுக்கும் இடம் வேண்டும் என்பதைச் சங்கத்தின் கோரிக்கைகளில் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தினார். அரைமனதோடு சேர்த்தார்கள்.

ஜப்பானில் ரிங்குக்கு முன்னால் நின்றவர்கள் கிராமத்துப் பெண்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு அப்பா அனுப்பிவைப்பார். மில் விடுதியில் தங்கி இரவும் பகலும் ஷிப்ட் பார்ப்பார்கள். பெண்களின் இரவு வேலைக்கு அங்கே தடை நடைமுறைக்கு வந்தது 1929-ல்தான். பம்பாய் நூலுக்குச் சீனாவில் இருந்த சந்தையை ஜப்பான் தட்டிப் பறித்ததில் இந்தப் பெண்களின் தூக்கத்துக்கும் பங்கு உண்டு.

இதைப் படிக்கும்போது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஏதோ உறுத்த வேண்டும். 1990-களின் இறுதியிலிருந்து நம் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் நடந்த 'சுமங்கலித் திட்டம்' நினைவிருக்கிறதா? மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன ஒரு அக்கா, மூன்று வருஷம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது உடம்பு முடியாமல் திரும்பி வந்தார். தொகை வரவில்லை. கணக்குப் பார்த்தால் அது அவருடைய கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணம். தணிக்கைக்காரனாக எனக்கு அந்தக் கணக்கு இன்றுவரை நேராகவில்லை. இப்போது அந்த இடங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிற்கிறார்கள். இங்கே விதர்ப்பாவில் விளையும் பருத்தி அங்கே போகிறது, கோயம்புத்தூரில் செய்த ரிங் பிரேமில் ஓடுகிறது. கதிர் இன்று நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். வளையமும் டிராவலரும் அதே 1820-களின் யோசனை.

ஆக, பழக்கம் கேட்காத எந்திரம் இரண்டு காரியம் செய்கிறது. வெளியே நின்றவருக்குக் கதவைத் திறக்கிறது. நீ போனால் அடுத்த வாரமே இன்னொருவர் வருவார் என்று அவரிடமே சொல்லவும் சொல்கிறது. இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம். எங்கள் ஊரில் எத்தனையோ குடும்பங்கள் மில் சம்பளத்தில்தான் தலையெடுத்தன, ஆகவே எந்திரத்தைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

எம்பிரஸ் மில்லில் 1886-ல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார்கள். 1895-லிருந்து விபத்துக்கு இழப்பீடு கொடுத்தார்கள். நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923-ல்தான். ரிங் பிரேம் இதையெல்லாம் கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்து யாரோ முடிவெடுத்தார்கள். அதே ரிங் பிரேமை வைத்துக்கொண்டு வேறு மேசைகளில் வேறு முடிவுகளும் எடுத்தார்கள். அந்த மில்லும் 1986-ல் மாநில அரசின் ஜவுளிக் கழகத்திடம் போய், 2002-ல் மூடப்பட்டது. இடத்தில் இப்போது வணிக வளாகம்.

2019-ல் பார்சிலோனாவில் நடந்த ஜவுளி எந்திரக் கண்காட்சியில், ரிங் பிரேமில் அறுந்த நூலைத் தானே ஒட்டும் ரோபோவைக் காட்டினார்கள். புதியவர்களுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு வேலைக்கும் எந்திரம் வந்துவிட்டது. எல்லா மில்லிலும் அது உடனே வந்துவிடாது, மலிவாக ஆள் கிடைக்கும்வரை முதலாளி அவ்வளவு செலவு செய்யமாட்டார். அதில் சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் நண்பர்களே, அடுத்த அதிசயச் சட்டையைப் பற்றி அனுப்பும்போது கூடவே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அதைச் செய்கிற எந்திரத்தின் முன்னால் நிற்கப் போவது யார், இந்தக் கூலிக்கு முடியாது என்று சொல்ல அவரால் முடியுமா?