வதையற்ற மற்றும் இயற்கை அழகுசாதனப் பொருட்கள்

வதையற்ற அழகுசாதனப் பொருட்கள் எனப்படுபவை, உற்பத்தியின் எந்த நிலையிலும் விலங்குகள் மீது சோதிக்கப்படாத சோப்பு, சாம்பு, களிம்பு, உதட்டுச்சாயம், நறுமணத் தைலம் முதலிய பொருட்களாகும். இவை பெரும்பாலும் "இயற்கை", "ஆர்கானிக்" எனப்படும் பொருட்களுடன் சேர்த்தே பேசப்படுகின்றன. எனினும் இம்மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு தன்மைகளைக் குறிப்பவை. ஒன்று இருப்பதால் மற்றொன்றும் இருக்கும் என்று கொள்ள இயலாது. நாட்டு மருந்துக் கடைகள், இறக்குமதிப் பொருள் அங்காடிகள், அருகிலுள்ள ஆரோவில்லின் கைவினைத் தயாரிப்புகள் ஆகியன ஒருங்கே உள்ள புதுச்சேரி நகரில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.

சொற்களின் பொருள்

* வதையற்றது: பொருளோ அதன் மூலப்பொருளோ விலங்குகள் மீது சோதிக்கப்படவில்லை என்பதை மட்டும் குறிக்கும். அதில் தேன்மெழுகு போன்ற விலங்கினப் பொருட்கள் இருக்கக்கூடும்.
* நனிசைவம்: விலங்குகளிலிருந்து பெறப்பட்ட எப்பொருளும் சேராதது.
* இயற்கை: தாவரம், கனிமம் அல்லது விலங்கிலிருந்து கிடைத்த மூலப்பொருட்களைக் கொண்டது.
* ஆர்கானிக்: செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி விளைவிக்கப்பட்ட தாவரங்களிலிருந்து பெறப்பட்டது.

தமிழில் பின்னிரண்டையும் "இயற்கை" என்ற ஒரே சொல்லால் வழங்கும் பழக்கம் உண்டு. இதனால் விளம்பரங்களில் எது கூறப்படுகிறது என்பது வாங்குவோருக்கு எளிதில் விளங்குவதில்லை.

வரலாறு

1933 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட "லாஷ் லூர்" என்ற கண்ணிமைச் சாயத்தால் பெண்கள் சிலர் பார்வை இழந்தனர். இத்தகைய நிகழ்வுகளின் விளைவாக 1938 இல் அந்நாட்டில் உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டம் இயற்றப்பட்டது. 1944 இல் ஜான் டிரெய்ஸ் என்ற நச்சியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளர்களும் முயலின் கண்ணிலும் தோலிலும் பொருளை இட்டு, எரிச்சல், புண் முதலியவற்றை நாட்கணக்கில் கவனித்து மதிப்பெண் இடும் முறையை வெளியிட்டனர். "டிரெய்ஸ் சோதனை" எனப்பட்ட இம்முறை பல பத்தாண்டுகள் உலகெங்கும் பின்பற்றப்பட்டது.

1959 இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் ஆகியோர் விலங்குச் சோதனைகளை மாற்றுதல், குறைத்தல், செம்மைப்படுத்தல் என்னும் மூன்று கோட்பாடுகளை முன்வைத்தனர். பின்னர் மனிதத் தோல் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து உருவாக்கும் தோல் மாதிரிகள் வந்தன. இவற்றைக் கொண்டு தோல் எரிச்சலைக் கணிக்கும் முறையை பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2010 இல் ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாகத் தடைகளை விதித்து, 2013 மார்ச் 11 முதல், அழகுசாதன நோக்கத்திற்காக விலங்குகள் மீது புதிதாகச் சோதிக்கப்பட்ட பொருட்களின் விற்பனையை முழுமையாகத் தடை செய்தது.

இந்தியச் சட்ட நிலை

இந்தியாவில் அழகுசாதனப் பொருட்கள் 1940 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த புதுச்சேரி 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அதனைத் தொடர்ந்து 1963 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்றின் வழியாக இச்சட்டம் அங்கு விரிவாக்கப்பட்டது.

2014 மே மாதத்தில் இச்சட்டத்தின் விதிகள் திருத்தப்பட்டு, அழகுசாதனப் பொருட்களை விலங்குகள் மீது சோதிப்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. விலங்குகள் மீது சோதிக்கப்பட்ட பொருட்களை இறக்குமதி செய்வதற்கும் அதே ஆண்டு நவம்பர் 12 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. தெற்காசியாவில் இத்தகைய தடையை முதலில் விதித்த நாடு இந்தியாவாகும். 2020 ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகளிலும் இத்தடை தொடர்கிறது.

இத்தடைக்கு எல்லைகளும் உள்ளன. மருந்துக்கோ தொழிற்துறைக்கோ பயன்படும் ஒரு வேதிப்பொருள் வேறு சட்டங்களின் கீழ் விலங்குகள் மீது சோதிக்கப்பட்டு, பின்னர் அழகுசாதனத்திலும் சேரக்கூடும். ஆகவே இந்தியாவில் விற்கப்படுவது என்பது மட்டுமே ஒரு பொருள் முழுமையாக வதையற்றது என்பதற்குச் சான்றாகாது.

"இயற்கை", "ஆர்கானிக்" என்னும் சொற்களைப் பொறுத்தவரை, சோதனைத் தடையைப் போன்ற திட்டவட்டமான விதி அழகுசாதனப் பொருட்களுக்கு இல்லை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சுற்றுச்சூழல் சார்ந்த இத்தகைய பொதுச் சொற்களைத் தக்க விளக்கமும் ஆதாரமும் இன்றி விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்கின்றன.

புதுச்சேரியில்

புதுச்சேரி மக்கள் பிற தமிழ்ப் பகுதிகளைப் போலவே சீயக்காய், அரப்பு, பாசிப்பயறு மாவு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூ, மருதாணி முதலியவற்றை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். இவை நாட்டு மருந்துக் கடைகளில் உலர்ந்த நிலையிலோ பொடியாகவோ கிடைக்கின்றன. கஸ்தூரி மஞ்சள் பெயரளவில் மட்டுமே கஸ்தூரியுடன் தொடர்புடையது. அது மஞ்சள் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்காகும்.

1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில், நகருக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இதன் பெரும்பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1976 இல் அங்கு தொடங்கப்பட்ட மரோமா என்ற நிறுவனம் ஊதுபத்தி, நறுமணப் பொருட்கள், உடல் பராமரிப்புப் பொருட்கள் ஆகியவற்றைத் தயாரிக்கிறது. ஆரோவில் தயாரிப்புகள் புதுச்சேரி நகரக் கடைகளிலும் விற்கப்படுகின்றன. சிறு அளவில் கையால் தயாரிக்கப்படும் பொருளாயினும், விற்பனைக்கு வரும் அழகுசாதனப் பொருளுக்கு உற்பத்தி உரிமம் தேவை.

மரபுவழி விலங்கினப் பொருட்கள்

இயற்கையானதும் மரபு வழிப்பட்டதுமான பொருள் வதையற்றதாக இருக்க வேண்டியதில்லை என்பதற்குத் தமிழ் மரபிலேயே சான்றுகள் உள்ளன. கஸ்தூரி, கஸ்தூரி மானின் சுரப்பியிலிருந்து பெறப்படுவது. இதற்காக மான்கள் கொல்லப்பட்டு வந்தன. புனுகு, கூண்டில் அடைக்கப்பட்ட புனுகுப்பூனையின் சுரப்பியிலிருந்து வழித்தெடுக்கப்படுவது. இவ்விலங்குகள் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

இக்காலப் பொருட்களில் காணப்படும் பிற விலங்கினப் பொருட்கள்:

* கார்மைன்: கோச்சினீல் பூச்சிகளை உலர்த்தி எடுக்கப்படும் சிவப்பு நிறமி, உதட்டுச்சாயங்களில் சேர்கிறது.
* லனோலின்: செம்மறியாட்டுக் கம்பளியிலிருந்து கிடைக்கும் மெழுகு.
* ஸ்குவாலின்: சுறாவின் ஈரலிலிருந்து பெறப்படும் எண்ணெய், ஆலிவ் எண்ணெயிலிருந்தும் பெறலாம்.
* கிளிசரின், ஸ்டியரிக் அமிலம்: விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய் ஆகிய இரண்டிலிருந்தும் பெறப்படுகின்றன. மூலம் எது என்பது பெயரிலிருந்து தெரியாது.

சான்று முத்திரைகள்

வதையற்ற தன்மைக்குப் பரவலாக அறியப்பட்டது "லீப்பிங் பன்னி" எனப்படும் துள்ளும் முயல் முத்திரையாகும். இதனைப் பெறும் நிறுவனம், குறிப்பிட்ட நாளுக்குப் பின் தானோ தனக்கு மூலப்பொருள் வழங்குவோரோ விலங்குச் சோதனை செய்யவில்லை என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். நிறுவனங்கள் தாமாகவே அச்சிடும் முயல் படங்களுக்கு இத்தகைய கண்காணிப்பு ஏதும் இல்லை.

ஆர்கானிக் தன்மைக்கு ஐரோப்பாவின் ஐந்து அமைப்புகள் உருவாக்கிய "காஸ்மாஸ்" தரம் உள்ளது. இதன்படி ஆர்கானிக் எனப்படும் பொருளின் மொத்த எடையில் குறைந்தது 20 விழுக்காடு ஆர்கானிக் மூலப்பொருளாக இருக்க வேண்டும். கழுவி நீக்கப்படும் பொருட்களுக்கு இது 10 விழுக்காடு. சாம்பு போன்றவற்றில் நீரே மிகுதி என்பதாலும் நீர் ஆர்கானிக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை என்பதாலும் இந்த அளவு குறைவாக உள்ளது. இந்திய அரசின் "இந்தியா ஆர்கானிக்" முத்திரை வேளாண் விளைபொருட்களுக்கானது. எண்ணெய், மூலிகை முதலியவற்றைத் தனியாக வாங்கும்போது அது பயன்படும்.

தேர்ந்தெடுக்கும் முறை

* உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள் ஆகியன உள்ளனவா எனப் பார்த்தல். இறக்குமதிப் பொருளில் பதிவுச் சான்றிதழ் எண் இருக்க வேண்டும்.
* மூலப்பொருள் பட்டியலைப் படித்தல். மிகுதியாக உள்ளது முதலில் வரும்; 1 விழுக்காட்டுக்குக் குறைவானவை இறுதியில் எவ்வரிசையிலும் வரலாம். முகப்பில் படமாக உள்ள மூலிகை பட்டியலின் இறுதியில் இருப்பின் அதன் அளவு மிகக் குறைவாக இருக்கலாம்.
* விலங்குச் சோதனை, விலங்கினப் பொருள், வேளாண்முறை ஆகிய மூன்றிற்கும் தனித்தனியே சான்று தேடுதல்.
* ஐயம் இருப்பின் உற்பத்தியாளரிடம் கேட்டல். ஆதாரமற்ற விளம்பரம் குறித்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பாதுகாப்பு

இயற்கையானவை அனைத்தும் தீங்கற்றவை அல்ல. நறுமண எண்ணெய்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். எலுமிச்சைச் சாறு பூசிய தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் ஏற்படலாம். மருதாணி இலை தரும் நிறம் செம்பழுப்பே. "கருப்பு மருதாணி" எனப்படுவதில் பாரா-பினைலீன்டையமின் என்ற வேதிப்பொருள் கலக்கப்பட்டிருக்கக்கூடும். இது கடும் தோல் அழற்சியை உண்டாக்க வல்லது. உரிம எண் இல்லாத சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசமும், கண்மைகளில் ஈயமும் இருக்க வாய்ப்புண்டு. புதிய பொருளை முன்கையில் சிறிதளவு தடவி, ஓரிரு நாட்கள் கவனித்த பின் பயன்படுத்துவது நன்று. அரிப்போ தடிப்போ தோன்றினால் பயன்பாட்டை நிறுத்தி, பொருளின் உறையுடன் தோல் மருத்துவரை அணுக வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நனிசைவம்
* ஆரோவில்
* இயற்கை வேளாண்மை
* புனுகுப்பூனை