மேலூர்ச் சாலையில் காற்றடைத்த சக்கரம்

பெரியாறு அணையின் நீர் 1895 முதல் வைகை வழியாக வந்து பாய்ந்ததால் மேலூர் வட்டாரத்தில் நெல் விளைச்சல் பெருகியது. அதைச் சந்தைக்குச் சுமந்தவை இரும்புப் பட்டா பூட்டிய மரச்சக்கர மாட்டுவண்டிகளே. டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார், டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். ஆயினும் கிராமத்து வண்டியில் ரப்பர் ஏறப் பல பத்தாண்டுகள் ஆயின. அவ்வாறு வந்த 'டயர் வண்டி', பெரும்பாலும் லாரியில் தேய்ந்து கழிந்த டயரையே மாட்டிக்கொண்டது.

கீழவளவு போன்ற ஊர்களில் கிரானைட் குவாரிகள் பெருகியபின், கல் சுமக்கும் லாரிகளின் டயரில் காற்றின் அளவு பிழைப்போடு பிணைந்த கணக்காயிற்று. டயரின் அழுத்தம், அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அளக்கப்படும் காற்றின் விசை, சுமையைத் தாங்குவதோடு குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறவும் செய்கிறது: 100 பவுண்டு காற்றுள்ள லாரி டயரில், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறத்தாழ 4 பவுண்டு இறங்கிவிடும். சித்திரை நண்பகலில் நிரப்பிய காற்று மார்கழி விடியலில் குறைந்து நிற்பது இதனாலும்தான்; ஓட்டைமீது பழி போடுவது பல வேளைகளில் வீண். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் பாரத்தில் மடிந்து மடிந்து சூடேறி வெடிப்பதால், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளப்பது முறை. மேலூர்ச் சாலையிலேயே, வெள்ளரிப்பட்டியில், 1982இல் நிறுவப்பட்ட டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் ஆலை இயங்குகிறது. எனினும் அது பெயர் பெற்றது இருசக்கர வண்டி டயர்களால்.