வடசென்னை நினைவுக் கற்கள்

மூலக்கொத்தளத்திலும் அதையொட்டிய ஜார்ஜ் டவுன், பழைய வண்ணாரப்பேட்டை பகுதிகளிலும் காணப்படும் எல்லைத்தூண், மதில் எச்சம், சுவர்ப் பலகை, நினைவிடம் ஆகியவை இக்கட்டுரையில் நினைவுக் கற்கள் எனப்படுகின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1927 முதல் நெடுஞ்சாலை ஓரங்களில் ஒரே அமைப்பிலான வரலாற்றுப் பலகைகளை நட்டு வருகிறது. வடசென்னையில் அவ்வாறு ஒரே திட்டத்தின்கீழ் எவையும் நடப்படவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியும், பின்வந்த அரசுகளும், மக்கள் இயக்கங்களும் அவரவர் காலத்தில் வைத்தவையே இவை.

மதிலும் எல்லைத்தூணும்: 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் மூன்றாண்டுகள் அதைத் தம் வசம் வைத்திருந்தனர். புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் அக்காலத்திலும் அடுத்துவந்த ஆண்டுகளிலும் இடிக்கப்பட்டது. 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை, 1769இல் ஐதர் அலியின் படை நகர வாசல்வரை வந்தது ஆகியவற்றுக்குப் பிறகு, புதிய கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பும் வேலை வேகம் பெற்றது. ஒப்பந்தத்தை எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துச் செல்வம் குவித்த இவரை 1785இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கடுமையாகச் சாடினார். மூலக்கொத்தளம் என்ற ஊர்ப்பெயர் இம்மதிலின் கொத்தளம் ஒன்றிலிருந்து வந்தது என்பர். மதிலுக்காக மக்களிடம் வரி வாங்கக் கம்பெனி எண்ணியது என்றும், அதற்குச் சட்ட அதிகாரம் இல்லையெனக் கண்டு கைவிட்டது என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. வசூலாகாத அந்த வரியின் பெயர் வால்டாக்ஸ் சாலைக்கு நிலைத்துவிட்டது. மதிலின் எஞ்சிய துண்டு பழைய வண்ணாரப்பேட்டை இப்ராகிம் சாகிப் தெருவில் உள்ளது. அதன் மேற்பரப்பில் அமைந்த பூங்காவை மக்கள் மாடிப் பூங்கா என்கின்றனர்.

கோட்டைப் பீரங்கிகளின் பார்வையை மறைக்காதபடி கோட்டைக்கும் புதிய நகரத்துக்கும் இடையே வெட்டவெளி விடப்பட்டது. அதன் எல்லையில் ஆறு தூண்கள் நடப்பட்டன. அவற்றைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் எவரும் வீடு கட்டக் கூடாது. இன்று எஞ்சியிருப்பது பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டட மூலையில் நிற்கும் ஒன்றே. 1773 ஜனவரி 1 என்ற நாள் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இந்நகரில் தெருவோரமாக நின்று தன் நாளைத் தானே சொல்லும் கற்களில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை சிலவே. அருகிலேயே பேருந்துக்குக் காத்திருப்போரில் பலர் அதைக் கவனிப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியதாக முதன்மையாகக் குறிப்பிடத்தக்கது, 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம். கறுப்பர் நகரத்துக்கு ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாறிய ஆண்டு 1906 என்று சிலரும் 1911 என்று சிலரும் எழுதுகின்றனர். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. அன்று குண்டுபட்ட உயர்நீதிமன்ற மதிற்சுவரில் அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் பலகை உள்ளது.

மொழிப்போர் நினைவிடம்: இப்பகுதியின் நினைவுச் சின்னங்களில் மிக விரிவான பதிவுகளைக் கொண்டது மூலக்கொத்தளம் இடுகாட்டில் உள்ள நடராசன், தாளமுத்து நினைவிடம். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜியின் அரசு, 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. எதிர்ப்பு மறியல்கள் நடந்த முக்கிய இடம் ஜார்ஜ் டவுனின் இந்து தியாலஜிகல் பள்ளி வாசல். தொண்டர்கள் அணி அணியாக அங்கே வந்து, முழக்கமிட்டுக் கைதாயினர். ஆகஸ்டு 1இல் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட இந்தி எதிர்ப்புப் படை செப்டம்பர் 11இல் சென்னை வந்து சேர்ந்தது. போராட்டம் முழுவதிலும் 1,198 பேர் கைதாகி, 1,179 பேர் தண்டனை பெற்றனர் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. தண்டனை பெற்றவர்களில் 73 பேர் பெண்கள்; அவர்களுடன் 32 குழந்தைகளும் சிறை சென்றனர்.

ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த சென்னை இளைஞர் நடராசன் 1938 டிசம்பர் 5இல் கைதானார். அம்மாத இறுதியில் நோயுற்றுப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றதை அவர் ஏற்கவில்லை என்று இயக்கத்தார் எழுதியுள்ளனர். 1939 ஜனவரி 15இல் அவர் இறந்தார். பெருங்கூட்டம் பின்தொடர உடல் மூலக்கொத்தளத்துக்கு எடுத்துவரப்பட்டது. அண்ணாதுரை இரங்கலுரை ஆற்றினார். கும்பகோணத்துக்காரரான தாளமுத்து பிப்ரவரி 13இல் கைதாகி, மார்ச் மாதத்தில் அதே மருத்துவமனையில் இறந்தார். அவர் இறந்த நாள் 11 என்றும் 12 என்றும் இரு வகையாகக் காணப்படுகிறது. இருவரும் நோயால் இறந்தனர் என்றது அரசு. சிறையின் அலட்சியமே காரணம் என்றனர் போராட்டக்காரர்கள். இரு மரணங்களின்போதும் போராட்டத் தலைவரான பெரியார் சிறையில் இருந்தார். 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. 1940 பிப்ரவரி 21இல் ஆளுநர் எர்ஸ்கின் கட்டாய இந்தியை நீக்கினார்.

மூலக்கொத்தளத்தில் நடராசன், தாளமுத்து நினைவிடத்துக்கு அருகே மருத்துவர் தருமாம்பாளின் (1890–1959) நினைவிடமும் உள்ளது. தஞ்சையை அடுத்த கருந்தட்டாங்குடியில் பிறந்த இவர், 1938 நவம்பரில் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர். ஈ.வெ.ராமசாமிக்குப் பெரியார் என்ற பட்டம் அம்மாநாட்டில் வழங்கப்பட்டது. அதற்கு முன்பே அப்பெயர் வழக்கில் இருந்தது என்போரும் உளர்.

அண்மைக்காலம்: எழும்பூரில் உள்ள சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும அலுவலகக் கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை எனப் பெயரிடப்பட்டது. மூலக்கொத்தளம் இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் கட்டும் திட்டத்துக்கு 2017இல் எதிர்ப்பு எழுந்தது. மொழிப்போர்த் தியாகிகள் நாளான ஜனவரி 25இல் அரசியல் கட்சியினர் இங்கு வந்து மலர் தூவுவது வழக்கம். புதுப்பிக்கப்பட்ட நினைவிடம் 2025இல் திறக்கப்பட்டது.