இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள்

ஆபீஸ் வேலையாக ஹாம்பர்க் போயிருந்தபோது கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையை மினியேச்சர் வுண்டர்லாண்டில் செலவழித்தேன். கெரிட், ஃப்ரெடரிக் பிரவுன் என்ற இரட்டையர்கள் 2001இல் துறைமுகப் பழங்கிடங்கு ஒன்றில் திறந்த மாதிரி ரயில் உலகம். ரயில் பார்க்கத்தான் போனேன். பத்து நிமிஷத்தில் ரயிலே மறந்துபோச்சு. காரணம், சூரியகாந்தி வயலுக்கு நடுவே உடுப்பில்லாமல் கிடந்த ஒரு ஜோடி. அதற்கப்புறம் கண் மனிதர்களை மட்டுமே தேடியது. இரண்டரை லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள்.

அங்கே அளவு 1:87. நிஜத் தண்டவாளத்தின் 1435 மில்லிமீட்டர் அகலம் இங்கே பதினாறரை. ஐந்தே முக்கால் அடி ஆள் இரண்டு சென்டிமீட்டர் ஆகிவிடுவார். தலை ஒரு உளுந்துப் பருப்பு. அந்த உளுந்தில் முகபாவம் செதுக்க முடியாது. ஆகவே எல்லாவற்றையும் உடம்பு சொல்ல வேண்டும்: கூன், இடுப்பில் ஊன்றிய கை, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும் முதுகு. நகைச்சுவை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

மேஜைமேல் ஓடக்கூடிய இந்தச் சின்ன ரயில்களை டிரிக்ஸும் மெர்க்லினும் 1935இல் சந்தைக்குக் கொண்டுவந்தன. போருக்குப் பின் 1946இல், கருங்காட்டுக் கிராமமான கூட்டன்பாகில் ஃபாலர் சகோதரர்கள் தொழில் தொடங்கினார்கள். ரயிலைச் சுற்றி நிற்கும் குட்டி வீடுகளுக்கு அவர்கள் பெயர்தான் பிரசித்தம். அந்த வீடுகளுக்குக் குடிவர ஆள் வேண்டுமே. அந்த ஆட்களைச் செய்து பெயர் வாங்கிய பிரைசர் நிறுவனம் 1949இல் பிறந்தது. மேற்கு ஜெர்மனி என்ற நாடு பிறந்ததும், டாய்ச்ச புண்டஸ்பான் என்ற அதன் ரயில்வே பிறந்ததும் அதே வருஷம். வெளியே நகரங்கள் இடிபாடாகக் கிடந்த காலத்தில், மேஜைமேல் ஒரு ஓடுகூடப் பெயராத ஊர்கள் எழும்பின.

முதலில் தேவைப்பட்டவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர், போர்ட்டர், பெட்டியோடு நிற்கும் பயணி. ஆனால் ஒருவர் எத்தனை ஸ்டேஷன் மாஸ்டர்தான் வாங்குவார்? இந்த நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களைப் புரட்டினால் கல்யாணக் கோஷ்டி, இழவு வீட்டுக் கூட்டம், சர்க்கஸ்காரர்கள், நிர்வாணமாகக் குளிப்பவர்கள், காதலர்கள், ஒதுங்கி ஒன்றுக்குப் போகிறவர்கள் என்று ஊரே விரிகிறது. புது அச்சு செய்வது செலவு பிடிக்கும் வேலை. எல்லாம் வைத்திருப்பவரையும் வாங்க வைக்கப் புதுக் கதை வேண்டும்.

வியாபாரம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். மாதிரி ரயில் உலகில் ரயில் ஓடும், மனிதன் ஓட மாட்டான். பஸ்ஸுக்கு ஓடுகிற உருவத்தை வைத்துப் பாருங்கள்: மூன்று வருஷமாக ஒரு காலைத் தூக்கியபடியே இருப்பார், பார்க்கவே பாவமாக இருக்கும். நிஜத்திலேயே அசையாமல் இருப்பவர்கள்தான் அங்கே உயிரோடு தெரிவார்கள். குடித்துச் சாய்ந்தவர், முத்தமிடுகிறவர்கள், வேலியோரம் நிற்பவர். விவஸ்தையற்ற காரியங்கள் பலவும் நின்ற இடத்தில் நடப்பவை என்பது எனக்கு இதைப் பார்த்துத்தான் உறைத்தது.

இனி, அங்கே இல்லாதவர்கள். ஐரோப்பிய மாதிரி ரயில்காரர்கள் காலத்தை யுகங்களாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். ஜெர்மானியர்களுக்கு மிகப் பிடித்தது மூன்றாம் யுகம்: போர் முடிந்ததிலிருந்து சுமார் 1970 வரை. நீராவி எஞ்சினும் உண்டு, சாக்லேட் விற்கும் கடையும் உண்டு. இரண்டாம் யுகம் 1920களில் தொடங்கி நாஜி ஆட்சிக்குள் நுழைகிறது. அதன் எஞ்சின்களில் ஸ்வஸ்திகா இருந்தது. பொதுவில் அதைக் காட்ட ஜெர்மன் சட்டம் இடம் தராததால், பொம்மை எஞ்சினில் பெரும்பாலும் அந்த இடம் காலியாக இருக்கும். அதே ரயில்வேதான் லட்சக்கணக்கான யூதர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொலை முகாம்களுக்குக் கொண்டுபோனது. சரக்குப் பெட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

வுண்டர்லாண்டைக் குறை சொல்ல முடியாது. பெர்லின் சுவர் எழுந்து விழுந்த கதையைத் தனிக் காட்சிகளாக வைத்திருக்கிறார்கள், அங்கே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த உருவங்களை மேஜையை விட்டே இறக்கியது வெளியாட்கள். லண்டனில் ஸ்லிங்காச்சு என்ற புனைபெயர்க்காரர் 2006 முதல் ரயில் பொம்மைகளைத் திருத்தித் தெருவில் விட்டுவிட்டு வந்தார். அவருடைய படமொன்றில் செத்த வண்டின்மேல் ஒருவர் துப்பாக்கியை நீட்டியிருக்கிறார், பக்கத்தில் சிறுமி. ஜிம்மி காட்டி இன்னும் ஒரு படி போனார்: கலவரம் முடிந்த ஒரு நிலப்பரப்பு, 1:87, ஏறத்தாழ 3000 போலீஸ். பொதுமக்கள் ஒருவர்கூட இல்லை. 2015இல் பேங்க்ஸியின் டிஸ்மலாண்டில் வைக்கப்பட்டது. பிறகு கப்பல் கண்டெய்னரில் ஊர் ஊராகப் போனது. சுவரில் போட்ட துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஹாம்பர்க்கில் கால் மணிக்கு ஒரு தடவை இரவு வரும். வெளிச்சம் இறங்கி ஜன்னல்களில் விளக்கு எரியும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், யாரும் சொல்லாமலே.

திரும்பும்போது ஆறு பேர் கொண்ட பொட்டலம் ஒன்று வாங்கினேன். நிர்வாணக் குளியல்காரர்களைத்தான் எடுத்தேன், அம்மா ஞாபகம் வந்து திருப்பி வைத்துவிட்டேன். இப்போது மானிட்டருக்குக் கீழே இருப்பவர்கள் ரயிலுக்குக் காத்திருக்கும் பயணிகள். ஃபேன் போட்டால் ஐந்து பேர் நிற்பார்கள். பெட்டி வைத்திருப்பவர் மட்டும் விழுந்துவிடுகிறார்.