ஜீவாவின் நாடும் சிவப்பு ஐசியும்

சிலாங்கூரில், கிள்ளானில் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறந்தவரின் மலேசிய அடையாள அட்டையான ஐசியின் எண்ணுக்கு நடுவே 10 வரும்; கோலாலம்பூர்க்காரருக்கு 14. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றையென்றால் ஆண், இரட்டையென்றால் பெண். பன்னிரண்டு இலக்கத்தில் பாதி ஜாதகம்! 2001இல் ஐசி மைகாட் ஆகி, கட்டைவிரல் ரேகையும் சில்லுக்குள் போனபோது, சுஜாதாவை வாசித்திருந்த பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு ஜீவா நினைவுக்கு வந்திருப்பார்.

எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' நடப்பது 2021-22இல். சர்வாதிகாரி ஜீவாவின் நாடு அது. நிலா, சிபி, ரவி, மனோ என்று பெயர்கள்கூட இரண்டெழுத்தில் முடிந்துவிடும். பிள்ளை பெறவும் அரசு அனுமதி வேண்டும். புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ ஒன்றுதான் அங்கே மனிதரைப்போல் பேசும்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன்தான் சுஜாதா. 1935இல் பிறந்தவர், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, பெங்களூர் பெல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. அரசும் இயந்திரமும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதை அவர் வேறெங்கும் போய்த் தேடியிருக்க வேண்டாம். ஜீவாவின் நாட்டில் ஆயுதத்தைவிட அனுமதிச் சீட்டே என்னை அதிகம் மிரட்டியது.

தமிழ்நாட்டில் அந்தக் கதையை ரசித்துப் பயந்தார்கள். நம் ஊரில் பயமே வேறு. 1948இல் அவசரகாலம் வந்ததும் தொடங்கியது அடையாள அட்டைப் பதிவு. பிறகு குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. தோட்டத்து லயத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களில் பலர் இதே மண்ணில் பிறந்தும் சிவப்பு ஐசியோடு பேரன் பேத்தி எடுத்தார்கள். கணினி தன்னைக் கண்காணிக்குமே என்று ஜீவாவின் நாட்டில் நிலா நடுங்கலாம். கணினியில் தன் பெயரே இல்லையே என்று நடுங்கியவர்கள் இவர்கள்.

சுஜாதா 2008இல் மறைந்தார். கதை நடக்கும் 2022 வந்தது. நவம்பர் 19 பொதுத்தேர்தல். இங்கே இன்னமும் காகித வாக்குச்சீட்டு, விரலில் மை. நீல ஐசிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். சிவப்பு ஐசிக்கு ஓட்டு இல்லை. மகனும் மருமகளும் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பாட்டி இருந்தாள்.